கடைசிப் பந்தி

திருமண வீட்டில் உணவுக்கூடம் சிறியது. வந்திருக்கும் உற்றார் பலர். அனைவரும் ஒரே வேளையில் இலைமுன் அமர்தல் இயலாது. ஆகவே பந்தி பந்தியாக உண்ணும் ஒழுங்கைத் தமிழர் வகுத்துக்கொண்டனர். முதற்பந்தி எழுந்த பின் இரண்டாம் பந்தி. அதன் பின் மூன்றாம் பந்தி. காத்திருப்பவர்க்கு இதனால் மனத்தாங்கல் உண்டாவதில்லை. இடம் சிறிது என்பதை அவர்கள் அறிவார்கள். தம் முறை வரும் என்பதையும் அறிவார்கள்.

ஆனால், அதே வீட்டில் மன்னிக்கப்படாத குற்றம் ஒன்றும் உண்டு. ஓர் இலைக்கு நெய்யும் மற்றோர் இலைக்கு வெறுஞ்சோறும் விழுமாயின், முந்தியவர்க்குப் பாயசமும் பிந்தியவர்க்கு வெறும் பாத்திரமும் எஞ்சுமாயின், ஊர் அதனைப் 'பந்தி வஞ்சனை' என்று பெயரிட்டுப் பழிக்கும். விருந்தின் சிறப்பையெல்லாம் அந்த ஒரு சொல் அழித்துவிடும். இடப்பற்றாக்குறை வேறு, வஞ்சனை வேறு. முன்னது சூழ்நிலையின் விளைவு; பின்னது மனத்தின் விளைவு. எனினும் வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஒருவர் உண்டுகொண்டிருப்பார், மற்றொருவர் நின்றுகொண்டிருப்பார். அப்படியாயின், இரண்டையும் பிரித்துக் காட்டும் கோடு எது?

ஒரு வீட்டு விருந்தில் எழும் இந்த வினா, ஒரு மாநகரம் முழுமைக்கும் எழுந்த காலம் அண்மையில் வந்தது. 2020 முதல் 2022 வரை சிங்கப்பூர் தன் உணவு மேசைகளை மூடியும் திறந்தும், மீண்டும் மூடியும் திறந்தும் வாழ்ந்தது. யார் முதலில் அமர்வது, எத்தனை பேர் அமர்வது, யார் கடைசியாக அமர்வது என்பவை அரசாணைகளாக வெளிவந்தன. அந்த ஆணைகள் இன்று வரலாறாகிவிட்டன. அவை எழுப்பிய அறவினா மட்டும் விடை கேட்டு நிற்கின்றது.

மூடிய மேசைகள்

சிங்கப்பூரில் கொவிட்-19 கண்ட முதல் நோயாளி 2020 ஜனவரி 23ஆம் நாள் கண்டறியப்பட்டார். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை நடப்பில் இருந்தது. பள்ளிகளும் அலுவலகங்களும் இல்லங்களுக்குள் ஒடுங்கின. உணவகங்கள் அடுப்பை அணைக்கவில்லை. ஆனால் எவரும் உள்ளே அமர்ந்து உண்ணலாகாது என்றாயிற்று. பொட்டலம் கட்டி வாங்கிச் செல்வதே வழியாயிற்று. உணவங்காடி நிலையங்களில் நாற்காலிகள் மீது பட்டைகள் ஒட்டப்பட்டன. 1947ஆம் ஆண்டு முதல் சிராங்கூன் சாலையில் இலை போட்டுப் பரிமாறி வரும் கோமள விலாசத்திற்கும், நேற்றுத் திறந்த காப்பிக் கடைக்கும் விதி ஒன்றுதான்.

வெளியில் உண்ணுதல் சிங்கப்பூரில் ஆடம்பரம் அன்று, அன்றாட வாழ்வு. காலைத் தோசையும், நண்பகல் கோழிச் சோறும், மாலைத் தேநீரும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியிலேயே நிகழ்கின்றன. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் தத்தம் உணவை வாங்கி வந்து ஒரே மேசையில் அமரும் உணவங்காடிப் பண்பாட்டினை யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்த நாள் 2020 டிசம்பர் 16. கூடி உண்ணும் பண்பு உலகப் புகழ் பெற்ற அதே ஆண்டில், கூடி உண்ணுதலே அச்சத்திற்கு உரியதாக இருந்தது. 

கோடையும் திறப்பும்

நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவாகிய சிங்கப்பூருக்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. எனினும் சித்திரை, வைகாசி, ஆனித் திங்கள்களின் புழுக்கத்தை அங்கு வாழ்வோர் நன்கறிவர். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையும் வழக்கமாக அப்பொழுதே வரும். பிள்ளைகளுடன் குடும்பம் வெளியே சென்று உண்டு மகிழும் காலம் அது. 2020இல் அந்த விடுமுறையும் முன்னே நகர்த்தப்பட்டு, மே 5 முதல் ஜூன் 1 வரை வீட்டுச் சுவர்களுக்குள் கழிந்தது.

ஜூன் 19ஆம் நாள் இரண்டாம் கட்டத் திறப்பு நிகழ்ந்தது. ஐவர் வரை ஒன்றாக அமர்ந்து உண்ணலாம் என்றனர். பத்து வாரங்களுக்கு மேல் பொட்டலச் சோறு உண்ட மக்கள் மீண்டும் மேசைமுன் அமர்ந்தனர். சூடான உணவைத் தட்டில் பெறுவதும், எதிரே ஒரு முகத்தைக் காண்பதும் எத்துணைப் பெரிய பேறு என்பது அன்று விளங்கியது. அந்த மகிழ்ச்சியில் குற்றம் காண்பார் எவரும் இலர். உணவகம் நடத்துவோர்க்கும் அது வாழ்வுப் போராட்டம். சமையற்காரர், பரிமாறுவோர், காய்கறி தருவோர் என ஒவ்வொரு மேசையையும் நம்பிப் பல குடும்பங்கள் இருந்தன.

உலகின் பிற நகரங்களிலும் அந்தக் கோடை இத்தகையதாகவே இருந்தது. நியூயார்க் நகரம் 2020 ஜூன் 22 முதல் நடைபாதைகளிலும் சாலையோரங்களிலும் மேசை போட இசைவளித்தது. பிரிட்டிஷ் அரசு அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், திங்கள் முதல் புதன் வரை உணவகத்தில் அமர்ந்து உண்பவர்க்கு ஆளுக்குப் பத்துப் பவுண்டு வரையில் பாதிச் செலவைத் தானே ஏற்றது. உணவு மேசை திரும்புவதே வாழ்வு திரும்புவதன் அடையாளம் என எங்கும் கருதப்பட்டது.

சிங்கப்பூரின் பாதை அதன் பின்னரும் நேராகச் செல்லவில்லை. 2020 டிசம்பர் 28 முதல் எண்மர் அமரலாம் என்றாயிற்று. 2021 மே 16 அன்று உணவகங்களில் அமர்ந்து உண்பது மீண்டும் நின்றது. ஜூன் 21இல் இருவராகத் திறந்தது. ஜூலை 22இல் மறுபடியும் மூடியது. ஆகஸ்ட் 10 முதல், தடுப்பூசியை முழுமையாகச் செலுத்திக்கொண்டோர் ஐவராக உணவகங்களில் அமரலாம் என்று விதி மாறியது. 2022 ஏப்ரல் 26இல் எண்ணிக்கைக் கட்டுப்பாடு நீங்கியது. அக்டோபர் 10இல் தடுப்பூசி வேறுபாடும் முற்றிலும் நீங்கியது. பந்திகள் பல, ஒவ்வொரு பந்திக்கும் ஒரு கணக்கு.

வராதவர்கள்

இந்தக் கணக்குகளுக்கு வெளியே ஒரு கூட்டம் இருந்தது. கட்டுமானத் தலங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் தங்கும் விடுதிகளில் வாழ்ந்தனர். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர் அவர்களுள் மிகுதி. ஓர் அறையில் பன்னிரண்டு பேரும் அதற்கு மேலும் படுத்துறங்கும் நிலையில், நோய் அங்கே தீப்போல் பரவியது. 2020 ஏப்ரல் 5இல் பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெருவிடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் ஒரே நாளில் உள்ளே அடைபட்டனர். ஏப்ரல் 20 அன்று நாடு முழுவதும் 1,426 புதிய நோயாளிகள் பதிவாயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் விடுதிவாழ் ஊழியர். அவ்வாண்டு இறுதியில் வெளிவந்த கணக்கின்படி, விடுதிகளில் வாழ்ந்தோருள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினரை அந்நோய் தீண்டிச் சென்றிருந்தது.

நோய் தணிந்தது. 2020 ஆகஸ்டில் விடுதிகள் ஏறக்குறைய அனைத்தும் நோய் நீங்கியவை என அறிவிக்கப்பட்டன. ஊழியர்கள் பணிக்குத் திரும்பினர். ஆனால் ஊருக்குள் திரும்பவில்லை. விடுதி, வேலைத்தலம், முறைவைத்துச் சென்றுவர ஒரு பொழுதுபோக்கு நிலையம் என்னும் மூன்று புள்ளிகளுக்குள் அவர்களது உலகம் சுருங்கியது.

பொது இடங்களுக்கு அவர்கள் வருவதற்கான முன்னோட்டத் திட்டம் 2021 செப்டம்பரில்தான் தொடங்கியது. தடுப்பூசி செலுத்திக்கொண்ட ஊழியருள் வாரத்திற்கு 500 பேர், லிட்டில் இந்தியாவுக்கோ கேலாங் சிராய்க்கோ ஆறு மணி நேரம் சென்று வரலாம். வாரம் 500 பேர் என்னும் அந்த அளவு மாறாதிருந்தால், மூன்று லட்சம் பேரும் ஒருமுறை தேக்காவைக் காண 600 வாரங்கள், அதாவது பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். முன்னோட்டம் ஆதலின் அது மாறியது. 2021 டிசம்பரில் நாளொன்றுக்கு 3,000 பேர். 2022 மார்ச்சில் வேலைநாள்களில் 15,000, வார இறுதி நாள்களில் 30,000 என எண்ணிக்கை வளர்ந்தது. 2022 ஜூன் 24 முதல் வெளியே செல்ல அனுமதிச்சீட்டு பொதுவாகத் தேவையில்லை என்றாயிற்று. அப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் நான்கு இடங்களுக்குச் செல்ல மட்டும் சீட்டு வேண்டியிருந்தது. அந்நான்கனுள் ஒன்று லிட்டில் இந்தியா.

இங்கு ஒரு முரண் தெளிவாகப் புலப்படுகின்றது. அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பத்திற்கு வெளியே சென்று உண்ணுதல் ஒரு மகிழ்ச்சி. அது தடைப்பட்டால் வீட்டில் அடுப்பு உண்டு; உடன் அமர்ந்து உண்ண மனைவி மக்கள் உண்டு. கடல் கடந்து வந்து தனித்து வாழும் ஊழியனுக்கோ அந்த ஞாயிற்றுக்கிழமை உணவே வீடு. தேக்கா நிலையத்தில் தன் ஊர்க்காரனோடு அமர்ந்து உண்ணும் ஒரு தட்டுச் சோறும், பக்கத்துக் கடையில் ஊருக்கு அனுப்பும் பணமும், கோயில் வாயிலில் நின்று கேட்கும் மணியோசையும் சேர்ந்ததே அவனுடைய இல்லறம். எவருக்கு அது மகிழ்ச்சியோ அவர்க்கு முதற்பந்தியும், எவருக்கு அது தேவையோ அவர்க்குக் கடைசிப் பந்தியும் கிடைத்தன.

எதிர்வாதமும் அதன் வலிமையும்

இந்த வரிசையை உடனே வஞ்சனை என்று கூறிவிடுதல் நேர்மையாகாது. எதிர்த்தரப்பு வலிமை மிக்கது. நெருங்கி வாழும் விடுதிகளிலிருந்து நோய் வெளியே பரவினால் முதியோர் பலர் மாண்டிருப்பர். ஊழியர்களையே எடுத்துக்கொண்டாலும், அவர்களுக்கு மருத்துவமும் உணவும் இணைய வசதியும் வழங்கப்பட்டன. விடுதிகளில் உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. உயிரைக் காப்பாற்றிய கதவைச் சிறைக்கதவு என்று பழிப்பது தகுமோ? இவ்வாறு கேட்போர் பொய் கூறுபவர் அல்லர். இரவு பகல் பாராது விடுதிகளில் உழைத்த மருத்துவர்களும் செவிலியர்களும் தொண்டர்களும் பலர். 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரநெறிகளும் அறிவிக்கப்பட்டன: ஓர் அறைக்குப் பன்னிருவர்க்கு மேல் கூடாது, ஒருவர்க்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். நோய் காட்டிய குறையைத் திருத்த முனைந்ததும் அதே அரசுதான்.

ஆகவே, 2020 ஏப்ரலில் கதவு சாத்தப்பட்டதைப் பற்றி வழக்கு இல்லை. வழக்கு அதன் பின்னர் வந்த நாள்களைப் பற்றியது. இதனைத் தெளிவுபடுத்த, ஒருவரைப் பந்தியிலிருந்து விலக்கி வைப்பதில் மூன்று வகை உண்டு என்பதை உணர வேண்டும்.

முதல் வகை, எண்ணிக்கையால் விலக்குதல். ஐவர் அமரலாம், ஆறாமவர் கூடாது என்பது இவ்வகை. இது எவர்க்கும் பொது. இன்று ஆறாமவராக நிற்பவர் நாளை முதல்வராக அமரலாம். இரண்டாம் வகை, செயலால் விலக்குதல். தடுப்பூசி செலுத்தாதவர் உள்ளே அமரலாகாது என்பது இவ்வகை. இது கடுமையானது, மருத்துவக் காரணத்தால் இயலாதவர்க்கு விதிவிலக்கு வேண்டும். எனினும் பெரும்பாலோர்க்குத் திறவுகோல் அவரவர் கையில் இருந்தது. மூன்றாம் வகை, இருப்பிடத்தால் விலக்குதல். 2021 ஆகஸ்ட் 10க்குப் பின், தடுப்பூசி செலுத்திக்கொண்ட நகரவாசி உணவகத்தில் அமர்ந்தார். விடுதி ஊழியரிலும் பெரும்பாலோர் தடுப்பூசி செலுத்திக்கொண்டிருந்தனர். ஆயினும் அவர்கள் வர இயலவில்லை. அவர்கள் செய்ய வேண்டிய யாதொன்றும் எஞ்சியிருக்கவில்லை. செய்தும் திறவாத கதவு அது.

தன் முயற்சி எதனாலும் நீக்கிக்கொள்ள இயலாத விலக்கே மிகப் பாரமானது. பாரம் மிகுந்த விலக்கிற்கு மிக வலிய காரணம் வேண்டும். அக்காரணம் அடிக்கடி ஆராயப்படவும் வேண்டும். நெருக்கமான வாழ்விடம் என்னும் காரணம் பொய்யன்று. ஆனால் அந்த நெருக்கத்தை ஊழியன் விரும்பித் தேடவில்லை. அவனுக்கு அமைத்துத் தரப்பட்டது அது. பிறர் அமைத்த குறையின் விலையை அவன் செலுத்தினான். அந்தக் குறைந்த செலவில் எழுந்த வீடுகளும் பாலங்களும் நகரத்தார் அனைவர்க்கும் பயன் தந்தன என்பதை எண்ணும்போது, இந்த விலை எவர் கணக்கில் எழுதப்பட வேண்டியது என்பது எளிய வினா அன்று.

வசதி என்னும் இடர்

இனி, அரசாணையை விட்டு உண்பவரின் உள்ளத்திற்கு வர வேண்டும். அறம் முடிவில் தங்கும் இடம் அதுவே.

பெருந்தொற்றுக்கு முன், ஞாயிறு மாலைகளில் தேக்காவில் நடப்பதற்கு இடம் இராது. பஃபலோ சாலையிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் ஆயிரக்கணக்கான ஊழியர் குழுமுவர். அந்த நெரிசலைப் பற்றிய முணுமுணுப்பும் நெடுநாளாக உண்டு. 2020இன் பிற்பகுதியில் ஒரு ஞாயிறு மாலை அங்கே உண்ணச் சென்ற ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்யலாம். நல்லவர்கள், சட்டத்தை மீறாதவர்கள், விடுதிகளுக்கு நன்கொடை அனுப்பியவர்களாகவும் இருக்கலாம். சாலை காலியாக இருக்கின்றது. மேசை உடனே கிடைக்கின்றது. குடும்பத்தலைவர் உட்கார்ந்தவாறே, “இன்றைக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது!” என்கிறார்.

அந்த ஒரு சொல்லில்தான் கோடு இருக்கின்றது. அவர் எந்த விதியையும் இயற்றவில்லை, எவரையும் விலக்கவில்லை. ஆயினும் பிறரது இல்லாமை அவருக்கு வசதியாகத் தோன்றிய கணத்தில், இடப்பற்றாக்குறை என்பது வஞ்சனையாக உருமாறத் தொடங்குகின்றது. “அவர்கள் எங்கே? எப்பொழுது வருவார்கள்?” என்று அவர் கேட்டிருந்தால், அதே மேசையில், அதே நாளில், அதே விதியின்கீழ் உண்டிருந்தாலும் அவர் வஞ்சனையில் பங்கு கொண்டவர் ஆகார். தேவை கதவைச் சாத்தலாம். சாத்திய கதவுக்கு அப்பால் ஒருவர் நிற்கின்றார் என்பதை மறப்பதற்குத் தேவை உரிமை தருவதில்லை.

இம்மறதி கொடிய மனத்திலிருந்து பிறப்பதன்று, பழக்கத்திலிருந்து பிறப்பது. முதல் வாரம் காலிச் சாலை வியப்பைத் தரும். இரண்டாம் வாரம் இரக்கத்தைத் தரும். பத்தாம் வாரம் இயல்பாகிவிடும். இயல்பாகிவிட்ட ஒன்றுக்கு எவரும் காரணம் கேட்பதில்லை. காரணம் கேட்கப்படாத விதி, அதன் காரணம் மறைந்த பின்னும் நெடுநாள் வாழும். ஆட்சியாளர் ஒரு விதியை விரைந்து மறு ஆய்வு செய்யத் தூண்டுவது குடிமக்களின் வினாவே. வசதியில் அமர்ந்தவர் வினவாதபோது, நிற்பவரின் காத்திருப்பு நீள்கின்றது.

விருந்து என்னும் சொல்

தமிழ் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் இங்கே தனிக் கடமை ஒன்று உண்டு. விருந்து என்னும் சொல்லின் பழம்பொருள் புதுமை என்பது. தொல்காப்பியம் செய்யுளின் வனப்புகள் எட்டனுள் ஒன்றாக விருந்தைக் கூறுவதும் அப்பொருளிலேதான். புதிதாக வந்தவர் என்பதால் அயலார் விருந்தினர் ஆயினர். உறவினரை உபசரித்தல் சுற்றந்தழுவல் ஆயிற்று. திருக்குறளும் இவ்விரண்டையும் ஒன்றாக்காமல் தனித்தனி அதிகாரங்களில் வைத்துள்ளது. எனவே, தெரிந்தவரை அழைத்து இலை போடுவது மட்டும் விருந்தோம்பல் ஆகாது. தெரியாதவரை, வேற்றூராரை, பேச்சும் உடையும் வேறுபட்டவரை நோக்கிச் செல்லும்போதே அச்சொல் தன் முழுப்பொருளை எய்துகின்றது. சிங்கப்பூரின் புறநகர் விடுதியில் வாழும் வங்காளதேச இளைஞனும், புதுக்கோட்டைச் சிற்றூரிலிருந்து வந்த இளைஞனும் அந்தப் பழம்பொருளில் விருந்தினரே.

இப்பண்பைப் போற்றிய தமிழ்ச் சமுதாயமே இதற்கு மாறாகவும் நடந்துள்ளது என்பதை மறைத்தல் கூடாது. 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் மாணவர் சிலர்க்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது பெரும் பூசலாயிற்று. நாட்டு விடுதலைக்கெனப் பொதுமக்கள் பொருளால் நடந்த நிறுவனத்தில் பிறப்பைப் பார்த்து இலை போடுவதா என்று வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டனர். தென்னாட்டு இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் ஒழிந்தது. அவற்றை ஆதரித்தோரும் தம்மைக் கொடியவர் என்று எண்ணவில்லை. வழக்கம் என்றும் தூய்மை என்றும் காரணம் கூறினர். சாதித் தீட்டும் நோய்த்தொற்றும் ஒன்றாகா. முன்னது பொய், பின்னது மெய். ஆயினும் மெய்யான காரணத்தின் நிழலில் பொய்யான பழக்கம் ஒன்று குடிபுகுந்துவிடும் என்பதை அந்த வரலாறு எச்சரிக்கின்றது. 'அவர்கள் அருகில் வாராதிருத்தலே நலம்' என்னும் எண்ணம் ஒருமுறை உள்ளத்தில் பதிந்தால், அது நோயோடு நீங்கிவிடும் என்பதற்கு உறுதி இல்லை.

இதற்கு மாற்றான வழியும் அதே மண்ணில் பிறந்ததுதான். வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867இல் நிறுவிய சத்திய தருமச்சாலையில், வருபவர் இன்னார் என்று கேளாமல் சோறிடுவதே நெறியாயிற்று. சிங்கப்பூரிலும் அந்நெறியை ஒத்த ஒரு மேசை உண்டு. காயமுற்று அல்லது வேலையிழந்து, வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்க்கு, 'டிரான்சியண்ட் ஒர்க்கர்ஸ் கவுண்ட் டூ' என்னும் தொண்டமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு அளித்து வருகின்றது. கஃப் சாலையின் பெயரால் வழங்கும் அத்திட்டம் பெருந்தொற்றுக்கு நெடுநாள் முன்னரே, கடைசிப் பந்தியில் நிற்பவர் யார் என்று பார்த்தது.

கடைசி இலை

நல்ல வீட்டுக்காரர் முதற்பந்தியில் அமர்வதில்லை. பந்தி நடுவே நடந்து, எந்த இலையில் என்ன குறைகின்றது என்று பார்ப்பார். பாயசம் குறைவதைக் கண்டால், பின்னால் வருபவர்க்கு எடுத்து வைக்கச் சொல்வார். சமைத்தவரும் பரிமாறியவரும் உண்ணும் கடைசிப் பந்தியில், அவர்களோடு தாமும் அமர்வார். முதற்பந்தியின் ஆரவாரத்தைக் கொண்டு விருந்தை அளப்பவர் உண்டு. கடைசி இலையில் விழுந்ததைக் கொண்டு அளப்பதே முறை. ஒரு நகரத்தின் திறப்பையும் அவ்வாறே அளக்க வேண்டும். சிங்கப்பூரின் மேசைகள் 2020 ஜூன் 19இல் திறந்தன என்று ஒரு கணக்கு சொல்லும். விடுதி ஊழியன் சீட்டு எதுவுமின்றித் தேக்காவுக்கு வந்து தன் தட்டுடன் அமர்ந்த ஞாயிற்றுக்கிழமையே உண்மையான திறப்பு நாள் என்று மற்றொரு கணக்கு சொல்லும். இரண்டாம் கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வகுப்பிலேதான் விருந்தோம்பல் என்னும் பாடம் நிறைவுறும்.

இன்று ஞாயிறு மாலைகளில் தேக்காவில் மீண்டும் கூட்டம் நிறைகின்றது, நடப்பதற்கு இடமில்லை. அந்நகரத்து உணவங்காடிகளில் ஒரு வழக்கம் உண்டு. உணவு வாங்கச் செல்பவர் மேசைமேல் ஒரு சிறு கைத்தாள் பொட்டலத்தை வைத்துச் செல்வார். காவல் இல்லை, எழுத்து இல்லை, ஆனாலும் அந்த நாற்காலியில் வேறெவரும் அமர்வதில்லை. வருபவர் ஒருவர் இருக்கின்றார் என்று அனைவரும் ஏற்றுக்கொள்கின்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் நாற்காலிகள் மீது ஒட்டப்பட்ட பட்டைகளும் வெற்றிடத்தையே குறித்தன. பட்டை, 'இங்கு எவரும் இலர்' என்றது. கைத்தாள், 'இங்கு ஒருவர் வருவார்' என்கின்றது.

வெற்றிடம் இரண்டிலும் ஒன்றே. அதனைப் பட்டையாகக் காண்பதா, கைத்தாளாகக் காண்பதா என்பதே பற்றாக்குறைக்கும் வஞ்சனைக்கும் இடையிலுள்ள கோடு. அந்தக் கோட்டை அரசு வரைவதில்லை. அமர்ந்து உண்பவரே வரைகின்றார்.